கட்டிலைச் சுற்றி எத்தனை கண்கள்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கரங்கான் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒரு தாயை மனத்தில் வைத்துக்கொள்வோம். இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நகரத்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். மகனுக்குப் பினாங்கில் தொழிற்சாலை வேலை. மகள் மாலையில் வந்து கஞ்சி ஊட்டிவிட்டு, பார்வையாளர் நேரம் முடிந்ததும் கிளம்புகிறாள். மறுநாள் மாலை வரை அந்தத் தாயை யார் புரட்டிப் படுக்கவைத்தார்கள், ஈரத்துணியை எப்போது மாற்றினார்கள், எந்தக் குரலில் பேசினார்கள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. வார்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்.

பெரும்பாலான நாட்களில் இதில் அச்சப்பட ஒன்றுமில்லை. தாதியரும் உதவியாளர்களும் தங்கள் சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதை நாம் கண்ணால் காண்கிறோம். ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கவனிக்க வேண்டியவரே துன்புறுத்தினால், வாய் திறந்து சொல்ல முடியாத நோயாளியை யார் காப்பது? சில பணியாளர்களின் நல்ல குணத்தை மட்டும் நம்பி இதற்கு விடை சொல்ல முடியாது. ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது, எங்கே அறுந்துபோகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். மருத்துவமனைக்குள் நுழையும் எவரும் ஓரளவு பலவீனமானவரே. உடை மாறுகிறது, நேரம் மாறுகிறது, முடிவுகள் பிறர் கைக்குப் போகின்றன. ஆனால் சிலரால் தமக்கு நேர்வதைத் தடுக்கவோ, நடந்ததைப் பிறகு எடுத்துச் சொல்லவோ முடியாது. குழந்தைகள், மறதி நோய் முற்றிய முதியவர்கள், மனநோயாளிகள், கற்றல் குறைபாடு உள்ளவர்கள், மயக்க மருந்தில் இருப்பவர்கள், படுத்த படுக்கையானவர்கள் இந்த வகையினர். இவர்களை எளிதில் பாதிக்கப்படக்கூடிய நோயாளிகள் என்று மருத்துவத் துறை குறிப்பிடுகிறது. இங்கே சுருக்கமாக நலிந்த நோயாளிகள் என்று சொல்வோம்.

கெடாவின் தோட்டப்புற மக்களுக்கு வேறு சில பலவீனங்களும் சேர்ந்துகொள்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு பல குடும்பங்கள் கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி என்று சிதறின. இளையவர்கள் வேலை தேடி இன்னும் தூரம் போனார்கள். முதியவர்கள் பலருக்குத் தோட்டத்துத் தமிழ்தான் தெரியும். மலாய் பேசுவார்கள், ஆனால் வலியின் நுணுக்கத்தையும் அவமானத்தையும் அந்த மொழியில் சொல்ல வராது. இந்த நாட்டிலேயே வாழ்ந்து முதுமை அடைந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தர வசிப்பாளராக, இருப்பவர்களும் நம்மிடையே உண்டு. அலுவலகம் என்றாலே ஒதுங்கி நின்று பழகிய ஒருவர், ‘அந்த மிஸ்ஸி (தாதி) என் கையை முறுக்கினாள்’ என்று புகார் எழுதுவார் என எதிர்பார்க்க முடியாது.

அடுத்து, எதைத் துன்புறுத்தல் என்கிறோம்? அடிப்பது, கிள்ளுவது, தகாத முறையில் தொடுவது ஆகியவை எல்லாருக்கும் புரியும். கண்ணுக்கு எளிதில் படாதவையும் உண்டு. வசைபாடுவது, கேலி செய்வது, ‘இப்படிச் செய்தால் சோறு கிடையாது’ என்று மிரட்டுவது ஒரு வகை. தண்ணீர் கேட்டும் கொடுக்காமல் இருப்பது, மணிக்கணக்கில் ஈரத்தில் கிடக்கவிடுவது, படுக்கைப் புண் வரும்வரை புரட்டாமல் விடுவது இன்னொரு வகை. இதைப் புறக்கணிப்பு என்கிறோம். மருத்துவத் தேவை இல்லாமல், தொந்தரவு குறையட்டும் என்பதற்காக மட்டும் தூக்க மருந்து கொடுப்பதும் கை கால்களைக் கட்டுவதும் மூன்றாவது வகை. நோயாளியின் நகையையோ பணத்தையோ எடுத்துக்கொள்வது நான்காவது.

இவற்றிலிருந்து மருத்துவத் தவறைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மருந்தின் அளவு தவறிப்போவது, நோயைத் தாமதமாகக் கண்டறிவது முதலியவை பெரும்பாலும் கவனப் பிசகால் வருபவை. அவற்றைச் சரிசெய்யும் வழி வேறு. துன்புறுத்தலிலும் புறக்கணிப்பிலும் ஒருவர் மற்றொருவரின் இயலாமையைப் பயன்படுத்துகிறார், அல்லது அதைப் பொருட்படுத்தாமல் விடுகிறார். சில நேரங்களில் இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மங்கலாக இருக்கும். முப்பது நோயாளிகளுக்கு இரண்டே தாதியர் உள்ள இரவில் ஒருவர் இரண்டு மணி நேரம் ஈரத்தில் கிடந்தார் என்றால், குறை அந்தத் தாதியிடமா, ஆள் போடாத நிர்வாகத்திடமா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் கிடைத்த ஒருவரைத் தண்டித்து முடித்துவிட்டால், அடுத்த இரவிலும் அதுவே நடக்கும்.

துன்புறுத்தலும் புறக்கணிப்பும் ஏன் நடக்கின்றன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் உள்ள தர்காவுக்கு மனநோயாளிகளைக் குணம் வேண்டி அழைத்துவருவது நெடுங்கால வழக்கம். வந்தவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. அவர்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. குடும்பத்தார் பணம் அனுப்பினார்கள். ஆளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் மொய்தீன் பாதுஷா காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது தீயைவிடச் சங்கிலியையே. அது அன்று இரவு புதிதாக வந்ததன்று. நாள்தோறும் அங்கே இருந்தது. காப்பகத்தாரைப் பொறுத்தவரை அது ஒரு வசதி. இரவில் கண்விழிக்க வேண்டிய காவலருக்குப் பதிலாக இரும்பு இருந்தது. தெருவில் போனவர்களும் பார்த்தார்கள். பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிப்போனது. இந்திய மனநலச் சட்டம் 1987இலேயே இத்தகைய இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று சொல்லியிருந்தது. அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உரிய அதிகாரிகள் அந்தக் கொட்டகைகளுக்குள் சென்று அதை நடைமுறைப்படுத்தவில்லை. சாவு நடந்த பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. ஏர்வாடியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான்: சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, ஒருவர் நேரில் வந்து பார்ப்பது வேறு.

வளமான நாட்டில், முறையாக உரிமம் பெற்ற மருத்துவமனையில் இப்படி நடக்காது என்று தோன்றலாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை இருந்தது. கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறிய மருத்துவமனை அது. 2010இல் அங்கே பணியாற்றிய மூத்த தாதி ஒருவர், நோயாளிகள் துன்புறுத்தப்படுவதாக நிர்வாகத்துக்கு எழுதினார். அரசின் கண்காணிப்பு அமைப்புக்கும் தெரிவித்தார். உரிய நடவடிக்கை வரவில்லை. கடைசியில் அவர் பிபிசி தொலைக்காட்சியை நாடினார். செய்தியாளர் ஒருவர் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்து, மறைவாகப் படம் எடுத்தார். 2011 மே 31இல் அது ஒளிபரப்பானது. பணியாளர்கள் நோயாளிகளை அறைவதையும் தரையில் அழுத்திப் பிடிப்பதையும் நாடே பார்த்தது. மருத்துவமனை மூடப்பட்டது. 11 பேர் குற்றவாளிகளாயினர். அவர்களில் 6 பேர் சிறை சென்றனர்.

பின்னர் நடந்த ஆய்வு ஓர் உண்மையைத் தெளிவாக்கியது. அடையாளங்கள் இல்லாமல் இருந்ததில்லை. அக்கம்பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் காயத்தோடு நோயாளிகள் வந்திருக்கிறார்கள். காவல்துறைக்கு அழைப்புகள் போயிருக்கின்றன. உள்ளாட்சி அமைப்புக்கும் தகவல்கள் வந்திருக்கின்றன. ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு துண்டு இருந்தது. எல்லாத் துண்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாரும் இல்லை. நோயாளிகள் பலரின் வீடுகள் தொலைவில் இருந்தன. குடும்பத்தார் வந்தாலும் வார்டுக்குள் போகவிடாமல் தனி அறையில் சந்திக்க வைத்தார்கள். இரண்டாவது பாடம் இது: பார்ப்பவர்கள் பலர் இருந்தும், பார்த்தது ஓரிடத்தில் சேராவிட்டால் பயனில்லை.

நம் ஊர் வரலாற்றிலும் இதே கேள்வி இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் பெரிய தோட்டங்கள் தங்களுக்கென்று ஆஸ்பத்திரி வைத்திருந்தன. சிறிய தோட்டங்கள் சேர்ந்து ஒன்றை நடத்தின. அன்றாடம் அதைப் பார்த்துக்கொண்டவர் டிரஸர், அதாவது இன்றைய மருத்துவ உதவி அதிகாரியின் முன்னோடி. பெரிய மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வந்துபோவார். டிரஸர்களில் பலர் மலேரியாவோடும் வயிற்றுப்போக்கோடும் போராடி நம் தாத்தா பாட்டிகளைக் காப்பாற்றியவர்கள். ஆனால் டிரஸருக்குச் சம்பளம் தந்தது தோட்டம். தொழிலாளி சொல்லும் நோய் உண்மையா, வேலைக்குப் போகாமல் இருக்க நடிப்பா என்று முடிவுசெய்ததும் அவரே. அவர் மீது குறை இருந்தால் கிராணியிடம், அதாவது தோட்ட எழுத்தரிடம், சொல்ல வேண்டும்; கிராணி தோட்ட மேலாளரான துரையிடம் சொல்ல வேண்டும். எவருடைய ஆஸ்பத்திரியைப் பற்றிக் குறை சொல்கிறோமோ, அவரிடமே போய் நிற்க வேண்டிய நிலை அது.

அந்த வட்டத்துக்கு வெளியே இருந்து வந்தவர்களும் உண்டு. தொழிலாளர் துறையினரும் சுகாதார அதிகாரிகளும் தோட்டங்களைச் சோதித்தார்கள். 1923 முதல் மலாயாவில் இந்திய அரசாங்கத்தின் முகவர் என்ற பதவி இருந்தது. அவர் தோட்டங்களுக்குச் சென்று, கூலியையும் வீட்டையும் ஆஸ்பத்திரியையும் பார்த்து ஆண்டறிக்கை எழுதினார். அவரால் எல்லாவற்றையும் மாற்ற முடிந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் தோட்டத்திடம் சம்பளம் வாங்காத ஒருவர் வந்து பார்த்து எழுதினார் என்பதே அன்றைக்குப் பெரிய விஷயம். இன்றைய ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளவும் இந்த ஒரு வேறுபாடு போதும்: உள்ளே இருந்து பார்ப்பவர், வெளியே இருந்து வந்து பார்ப்பவர்.

இன்று மலேசியாவில் இருக்கும் பாதுகாப்பு பல அடுக்குகளாக அமைந்திருக்கிறது. முதல் அடுக்கு, யார் நோயாளியைத் தொடலாம் என்பது. மருத்துவர்கள் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவுசெய்ய வேண்டும். தாதியருக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டமும் தாதியர் வாரியமும் உண்டு. மருத்துவ உதவி அதிகாரிகளுக்கு 1977ஆம் ஆண்டுச் சட்டம். பெரிய தவறு செய்தவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கினால், அவர் நாட்டில் எங்கும் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. ஆனால் நோயாளியைக் குளிப்பாட்டுபவர், தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவர், துப்புரவு செய்பவர், காவலுக்கு நிற்பவர் ஆகியோருக்கு இத்தகைய தொழில் பதிவேடு இல்லை. நலிந்த நோயாளியோடு தனியாக இருக்கும் வாய்ப்பு இவர்களுக்கும் கிடைக்கிறது. ஓரிடத்தில் வேலை போனவர் இன்னோரிடத்தில் சேர்வதைத் தடுக்க, வேலைக்கு எடுக்கும் நிறுவனத்தின் விசாரிப்பை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது.

இரண்டாவது அடுக்கு, வார்டுக்குள் இருக்கும் நடைமுறைகள். அவற்றில் மூன்று முக்கியமானவை. ஒன்று, உடனிருப்பாளர். நோயாளியின் மறைவிடங்களைப் பரிசோதிக்கும்போது மூன்றாவது ஆள் ஒருவர் அறையில் இருக்க வேண்டும். பெண் நோயாளியென்றால் வழக்கமாகப் பெண் தாதி. இது நோயாளியையும் காக்கும், பொய்ப் பழியிலிருந்து மருத்துவரையும் காக்கும். இரண்டு, உடல் கட்டுப்பாடு. நோயாளி தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமலிருக்கக் கை கால்களைத் துணிப்பட்டையால் பிணைப்பதை இச்சொல் குறிக்கிறது. இது முற்றிலும் தடைசெய்யப்பட்டது அன்று. ஆனால் மருத்துவக் காரணம் வேண்டும், பொறுப்பானவரின் உத்தரவு வேண்டும், குறுகிய நேரமே நீடிக்க வேண்டும், இடையிடையே அவிழ்த்துப் பார்க்க வேண்டும், எல்லாம் எழுதப்பட வேண்டும். மூன்று, பதிவு. எப்போது புரட்டப்பட்டார், என்ன சாப்பிட்டார், என்ன மருந்து, எங்கே காயம் என்று கட்டிலோடு இருக்கும் ஏட்டில் எழுதுவது. எழுதியிராத ஒன்றைப் பின்னால் நிறுவுவது கடினம். அதனால்தான் மருத்துவமனையில் எழுத்து அலுவலக வேலையாக மட்டும் நின்றுவிடாமல், பாதுகாப்பாகவும் ஆகிறது.

மூன்றாவது அடுக்கு, புகார். அரசு மருத்துவமனையில் முதலில் வார்டுப் பொறுப்புத் தாதியிடமோ மக்கள் தொடர்புப் பிரிவிலோ சொல்லலாம். அதற்கு மேல் மருத்துவமனை இயக்குநர், அலோர் ஸ்டாரில் உள்ள மாநிலச் சுகாதாரத் துறை, புத்ராஜெயாவில் உள்ள சுகாதார அமைச்சு. தனியார் மருத்துவமனைகளுக்கு 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம் பொருந்தும். 2006இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், நோயாளிகளின் குறைகளைக் கேட்க ஒவ்வொரு நிலையமும் ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்கிறது.

இங்கே பலருக்குக் குழப்பம் வருகிறது. ‘மருத்துவமனையில் புகார் கொடுத்தேன், மன்னிப்புக் கடிதம் வந்தது, அந்த ஆள் இன்னும் வேலையில் இருக்கிறாரே’ என்பார்கள். ஒரே நிகழ்வைப் பற்றி நான்கு வெவ்வேறு கேள்விகளை நான்கு வெவ்வேறு இடங்கள் கேட்கின்றன. எப்படி நடந்தது, மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்வது என்று மருத்துவமனை கேட்கிறது. இவர் தொழிலில் நீடிக்கத் தகுதியானவரா என்று மருத்துவ மன்றமோ தாதியர் வாரியமோ கேட்கிறது. இந்த இடம் இயங்கத் தகுதியானதா என்று உரிமம் தரும் துறை கேட்கிறது. குற்றம் நடந்ததா என்று காவல்துறை கேட்கிறது. ஒன்றிடம் சொன்னால் மற்ற மூன்றுக்கும் தானாகச் செய்தி போய்ச் சேரும் என்று நம்பியிருக்கக் கூடாது. அடித்த காயமோ தகாத தொடுதலோ இருந்தால் காவல் நிலையத்தில் புகார் பதிவுசெய்வதை மருத்துவமனையின் பதிலுக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நாள் தள்ளினால் காயம் ஆறிவிடும்; கண்காணிப்புப் படக்கருவியின் பதிவுகளும் அழிந்துபோகலாம்.

குற்றவியல் சட்டத்தில் ஒரு பிரிவை எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது. அதிகாரத்தையோ தொழில்முறை உறவையோ நம்பிக்கையான உறவையோ பயன்படுத்திப் பெற்ற இசைவு, பாலியல் வல்லுறவு வழக்கில் இசைவாகாது என்று மலேசியத் தண்டனைச் சட்டம் சொல்கிறது. ‘அவள் மறுக்கவில்லையே’ என்ற வாதம் கட்டிலில் கிடக்கும் நோயாளியின் விஷயத்தில் எவ்வளவு வலுவற்றது என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது.

நான்காவது அடுக்கு, வெளியிலிருந்து வந்து பார்ப்பது. பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனையை அறியாத மலேசியத் தமிழர் இல்லை. அந்த ஊரின் பெயரையே வசையாக்கி வைத்திருக்கிறோம். இந்த வசையும் ஓர் ஆபத்துதான். மனநோயாளி சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தால், துன்புறுத்துபவருக்குத் துணிவு வருகிறது. 2001இல் இயற்றப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம் இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறது. மனநல மருத்துவமனைகளுக்கு வருகையாளர்களை நியமிக்க அது வழிசெய்கிறது. இடத்தைச் சுற்றிப் பார்ப்பதும், நோயாளிகளின் குறைகளைக் கேட்பதும் அவர்கள் வேலை. பொது மருத்துவமனைகளிலும் லெம்பாகா பெலாவாட் எனப்படும் வருகையாளர் வாரியம் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் அதில் உறுப்பினர்களாக இருப்பார்கள். இப்படி ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

மருத்துவமனையிலிருந்து வெளியேறிய முதியவர்கள் பலர் அடுத்துப் போகும் இடம் முதியோர் இல்லம். அவற்றுக்கு 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டம் இருக்கிறது. சமூகநலத் துறையில் பதிவுசெய்ய வேண்டும். தனியார் முதியோர் சுகாதார நிலையங்களுக்கென்று 2018இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஏர்வாடியை நினைத்தால், இல்லத்தில் சேர்க்கும் முன் ‘பதிவுச் சான்று எங்கே?’ என்று கேட்பது எவ்வளவு அவசியம் என்பது புரியும்.

ஐந்தாவது அடுக்கு, உள்ளிருந்து வாய் திறப்பவர். வின்டர்போர்னில் உண்மையை முதலில் சொன்னவர் அங்கே வேலை பார்த்த தாதிதான். பெரும்பாலான நிகழ்வுகளில் சக பணியாளரே முதலில் அறிகிறார். மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதன் பாதுகாப்பு, சட்ட அமலாக்க அமைப்பிடம் சொல்பவருக்கே. செய்தித்தாளிடமோ சமூக ஊடகத்திலோ முதலில் சொன்னால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. வேலையை இழக்கும் பயத்தில் இருக்கும் ஓர் உதவியாளருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். நல்ல மருத்துவமனை அதை அவருக்குச் சொல்லித் தந்திருக்கும்.

இந்த அடுக்குகளில் ஓர் ஓட்டை தெளிவாகத் தெரிகிறது. 2001ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி, ஒரு குழந்தை துன்புறுத்தப்பட்டிருக்கிறது என்று மருத்துவர் நம்பினால் அவர் அதை உரிய அதிகாரிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது குற்றம். நலிந்த முதியவருக்காக இதே அளவு தெளிவான கடமையை எல்லா மருத்துவர் மீதும் சுமத்தும் சட்டம் நெடுங்காலமாக நம்மிடம் இல்லாமல் இருந்தது. முதியோருக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஆறு வயதுக் குழந்தையும் எண்பது வயதில் நினைவிழந்த பாட்டியும் தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியாத வகையில் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள்.

குடும்பத்தார் என்ன செய்யலாம்? முதலாவது, வருகை. ஒரே ஆள், ஒரே நேரத்தில் வருவதைவிட, ஆள் மாற்றி, அனுமதிக்கப்பட்ட வெவ்வேறு நேரங்களில் வருவது நல்லது. அடிக்கடி ஆள் வரும் கட்டிலில் கவனம் கூடுவது இயல்பு. இரண்டாவது, பெயர் கேட்பது. ‘மிஸ்ஸி’ என்று பொதுவாக அழைக்காமல் பெயரைத் தெரிந்துகொண்டால் உறவும் வளரும், பொறுப்பும் கூடும். மூன்றாவது, குறிப்பு. சிறிய நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், பார்த்தது, கேட்டது, யார் பதில் சொன்னார் என்று எழுதுங்கள். காயம் இருந்தால் அதை மட்டும் தேதியோடு படம் எடுங்கள். பக்கத்துக் கட்டில் நோயாளி படத்தில் விழக் கூடாது. வீட்டாருக்கு எங்கே தொடங்குவதென்று புரியாவிட்டால், மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசே 15999 என்ற எண்ணில் கேட்கலாம்.

எதைக் கவனிக்க வேண்டும் என்பதிலும் நிதானம் வேண்டும். மணிக்கட்டைச் சுற்றியோ மேற்கையிலோ விரல் பதிந்ததுபோல் கன்றிப்போயிருத்தல், ஒரு குறிப்பிட்ட ஆள் வரும்போது மட்டும் உடல் குறுகுதல், காரணம் சொல்லப்படாத அதிகத் தூக்கம், வேகமாக வளரும் படுக்கைப் புண் ஆகியவை கேள்வி கேட்க வேண்டிய அடையாளங்கள். தானாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது வார்டுகளின் பழைய வழக்கம். ‘கடைசியாக எப்போது புரட்டினீர்கள், ஏட்டில் பார்க்கலாமா?’ என்று கேட்பதில் தவறில்லை. அதே வேளையில் இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து எடுப்பவருக்கு மெல்லத் தொட்டாலே கன்றிப்போகும். காய்ச்சலிலும் அறுவைக்குப் பிறகும் முதியவர்களுக்கு டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் வரலாம். நடக்காததை நடந்ததாகச் சொல்லலாம். அடையாளத்தைக் கண்டதும் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். ஆனால் கேட்டாக வேண்டும். மனக்குழப்பத்தில் சொல்கிறார் என்பதற்காகவே ஒரு நோயாளியின் சொல்லைத் தூக்கி எறிந்தால், எதையும் சொல்ல முடியாத இடத்துக்கு அவரை நாமே தள்ளிவிடுகிறோம்.

2010இல் மலேசியா ஐ.நா.வின் மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் 16ஆவது பிரிவு, அவர்களுக்கான நிலையங்களைச் சுயேச்சையான அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்கிறது. ஏர்வாடியும் வின்டர்போர்னும் தோட்டத்து ஆஸ்பத்திரியும் வேறு வேறு வழியில் இதையேதான் சொல்கின்றன. உள்ளே இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் மீதான குறையை அவரே விசாரிக்கும் ஏற்பாடு நலிந்தவரைக் காக்காது.

சட்டங்கள் நம்மிடம் குறைவில்லை. அவற்றை இயக்கும் ஆட்களும் பழக்கமும்தான் குறைவு. எனவே ஒரு சிறிய யோசனையோடு முடிக்கலாம். நம் மருத்துவமனைகளில் ஏற்கெனவே வருகையாளர் வாரியங்கள் இருக்கின்றன. கெடாவில் அவற்றில் தோட்டத்துத் தமிழ் புரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும். ஓய்வுபெற்ற தாதியோ தமிழ்ப்பள்ளி ஆசிரியையோ போதும். அவர்கள் முன்கூட்டித் தேதி சொல்லி, நிர்வாகத்தினர் புடைசூழ வருவதோடு, சொல்லாமலும் வரட்டும். பார்வையாளர் நேரம் முடிந்து மகள் கிளம்பிய பிறகு, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, ‘சாப்பிட்டீங்களாம்மா? யாரு ஊட்டிவிட்டாங்க?’ என்று அவருடைய மொழியிலேயே கேட்கட்டும். கேட்ட பதிலை எழுதிக்கொண்டு போகட்டும்.